பக்கத்து ரூம்காரன்

அங்க போவாதீங்க தம்பி. போவவே வேணாம்னு சொல்லல, போவலாம், எல்லாரும் அங்கதான் போறாங்க, தடுக்க நான் யாரு. ஆனா கொஞ்சம் உக்காந்துட்டுப் போங்க. உங்களுக்கு ஷூ கடிக்குது, நடையப் பாத்தாலே தெரியுது. இந்த பெஞ்சு அதுக்குத்தான் போட்டு வச்சிருக்கு. உக்காருங்க. தமிழ்னு எப்படிக் கண்டுபுடிச்சன்னு பாக்குறீங்களா? உங்க கோஷ்டியில ஒரு அம்மா போற போக்குல "இவ்ளோ பெரிய கட்டடம் கட்டினவன் ஒரு ஃபேன் மாட்டக் கூடாதா"ன்னுச்சு. அப்புறம் என்ன கண்டுபுடிக்கிறது?

நான் பாண்டிச்சேரி. பேரு அந்துவான். இந்த மியூசியத்துல காவல் வேலை. பாரீசுக்கு வந்த புதுசுல ஹோட்டல்ல தட்டு கழுவினேன், அப்புறம் இங்க. புதுசா வர்றவங்கள ரூம் ரூமா மாத்திப் போடுவாங்க. சீனியர் ஆயிட்டா, எனக்கு இந்த ரூம்தான் வேணும்னு கேட்டு வாங்கிக்கலாம். நான் கேட்டு வாங்கினது இந்த ரூம். எத்தனையோ பேரு சிரிச்சானுங்க, போயும் போயும் அதையா கேட்டன்னு. சிரிக்கட்டும்.

அந்தப் படத்தப் பாருங்க. நடுவுல இருக்கிற பெருசு. மூணு அண்ணந்தம்பி, ரோமாபுரிக்காரனுங்க. சண்டைக்குப் போறானுங்க. அப்பன் மூணு கத்தியத் தூக்கிப் புடிச்சிருக்கான். மூணு பேரும் கைய நீட்டி சத்தியம் பண்றானுங்க, ஜெயிக்கிறோம் இல்ல சாவுறோம்னு. ஒரு கால் தளருதா? ஒரு கை நடுங்குதா? கிட்டப் போய்ப் பாருங்க, ஒரு இடத்துல பிரஷ் போன தடம் தெரியாது. கண்ணாடி மாதிரி வழிச்சு விட்டிருக்கான். தரையில கல்லு பாவியிருக்கானே, அதுல ஸ்கேல் வச்சுப் பாருங்க, கோடு பிசகாது. இதுக்குப் பேருதான் நியோ கிளாசிக். அதாவது, மொதல்ல கோடு. அப்புறந்தான் கலரு. மனசுல என்ன இருந்தாலும் முதுகு நேரா நிக்கணும். எங்கப்பா சொல்தா தம்பி. பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துல சேந்து சைகோன் வரைக்கும் போனவரு. பாண்டிச்சேரியில எங்க வீட்ட சொல்தா வீடுன்னுதான் சொல்லுவாங்க. இந்தப் படத்த மொத மொத பாத்தப்போ எங்கப்பாதான் நிக்கிறாருன்னு நெனச்சேன். அதான் கேட்டு வாங்கினேன்.

சரி, இப்ப அந்த வாசல் வழியா பக்கத்து ரூம எட்டிப் பாருங்க. உக்காந்த எடத்துலேருந்தே தெரியும். என்ன தெரியுது? ஜனம். முதுகு முதுகா ஜனம். படமே தெரியல இல்ல? அதான் ரொமாந்திக்கு. காதல் கீதல்னு நெனைக்காதீங்க, அதெல்லாம் ஒண்ணும் கெடையாது. புயலு, கப்பல் கவுந்தது, குண்டு வெடிக்கிறது, குதிர மெரளுறது, பொம்பள கொடியத் தூக்கிக்கிட்டு பொணத்து மேல ஏறி வர்றது. எல்லாம் ஒரே பழுப்பும் செவப்பும். கோடு எங்கன்னு தேடணும். கிட்டப் போனா பெயிண்டு கட்டி கட்டியா நிக்குது, சுவத்துக்குச் சாந்து பூசினாப்புல. என் ரூம்ல எல்லாரும் நிக்கிறாங்க தம்பி. அந்த ரூம்ல எல்லாரும் விழுறாங்க. ஜனத்துக்கு விழுறதப் பாக்கத்தான புடிக்குது! ரோட்ல ஒருத்தன் நேரா நடந்து போனா எவன் திரும்பிப் பாக்கிறான்? தடுக்கி விழுந்தா கூட்டம் கூடிடுது.

அந்த ரூம் காவல்காரன் பேரு குகதாசன். யாழ்ப்பாணத்துக்காரன், பருத்தித்துறைப் பக்கம். அவன இங்க சேத்து விட்டது யாரு? நான். லாச்சப்பெல்னு இங்க நம்மாளுங்க கடைத்தெரு, அங்க மூட்ட தூக்கிட்டு இருந்தான். "அண்ணை, எங்கையாவது ஒரு வேலை பாத்துத் தாங்கோ"ன்னான். நம்ம மொழி பேசுறவனாச்சேன்னு இங்க மேலதிகாரிகிட்ட சொல்லி உள்ள விட்டேன். டை கட்டத் தெரியாது அவனுக்கு. நான்தான் கட்டி விட்டேன். அவன் என்ன பண்ணான்? சீனியர் ஆனதும் ஒட்டினாப்புல பக்கத்து ரூமக் கேட்டு வாங்கிக்கிட்டான். இவ்ளோ பெரிய மியூசியத்துல வேற ரூமே இல்ல பாருங்க! எகிப்து இருக்குது, கிரேக்கம் இருக்குது, அடித்தளத்துல குளுகுளுன்னு கல்லு சிலையா இருக்குது. என் பக்கத்துலதான் வந்து ஒக்காரணுமா?

வயித்தெரிச்சல்னு நெனைக்காதீங்க. சரி, நெனச்சுக்குங்க. எரியாம என்ன பண்ணும்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வரும், என் ரூம வழி மாதிரி தாண்டிப் போயிடும். அங்க போய்த் தரையில சம்மணம் போட்டு ஒக்காந்து வரையும். அவன் போய் குனிஞ்சு பாப்பான், "வடிவா கிடக்கு"ன்னுவான், அழகா இருக்குன்னு அவன் ஊர்த் தமிழ்ல. அதுங்களுக்கு ஒண்ணும் புரியாது, ஆனா சிரிக்கும். போவும்போது அவனுக்குக் கை ஆட்டும். எனக்கு? "டாய்லெட் எங்க"ன்னு கேக்கும். அதான் எனக்கு வர்ற கேள்வி. காப்பி மெஷின் கிட்ட போனாலும் அவனச் சுத்தி நாலு பேரு. போஸ்ட் கார்டு கடையில பாருங்க, அவன் ரூம் படம் தீந்து தீந்து போவுது, என் ரூம் படம் தூசி புடிச்சு நிக்குது. நான் போவும்போதெல்லாம் என் படத்த எடுத்து முன்னாடி சொருகிட்டு வருவேன். மறுநாள் பாத்தா பழையபடி பின்னால போயிருக்கும்.

இதெல்லாம் போவட்டும் தம்பி. இது வேலையில வர்ற எரிச்சல், எல்லாருக்கும் இருக்கிறதுதான். வீட்டுக்குள்ள வந்தான் பாருங்க, அதச் சொல்றேன்.

எனக்கு ஒரே பையன். எமில். அவனும் சொல்தா. நான்தான் சேரச் சொன்னேன். சேருறதுக்கு முன்னாடி அவன இங்க கூட்டியாந்து, இதே எடத்துல நிறுத்தி, "பாருடா, இப்படி நிக்கணும்"னு காட்டினேன். போனான். மொத ஒப்பந்தம் முடிஞ்சு போன வருஷம் வீட்டுக்கு வந்தான். ஆப்பிரிக்காவுல ஏதோ பாலைவனம், அங்கதான் போட்டிருந்தாங்க. வந்தவன் நல்லாத்தான் இருந்தான். சாப்பிட்டான், தூங்கினான். தூங்கலன்னு அவ சொல்லுவா. அவ யாருன்னா என் பொண்டாட்டி, பிலோமின். "அவன் தூங்கலங்க, செவுத்தப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கான்"னுவா. அவன் கூட்டாளி ஒருத்தன் வண்டியில பக்கத்துல ஒக்காந்திருந்தவன், அவன் திரும்பி வரல. அத எமில் எங்கிட்ட சொல்லல. அவங்கம்மாகிட்டதான் சொன்னான். மறுபடியும் கையெழுத்துப் போட்டா இன்னும் அஞ்சு வருஷம். போடலன்னா வீட்டோட இருக்கலாம். மாசக் கடைசிக்குள்ள முடிவு சொல்லணும்.

பிலோமின் சொல்லிட்டா, வேணாம்னு. ஒரே பேச்சு. ஆனா அவன், "அப்பா என்ன சொல்றாரோ அதான்"ன்னுட்டான். பாத்தீங்களா? அதுக்குத்தான் வளத்தது. ஆனா எங்கிட்ட நேரா வந்து கேக்கல. நானும் அவன் கேக்கட்டும்னு இருந்தேன். அப்பன் போய் நிக்கக் கூடாது பாருங்க, பிள்ளதான் வந்து கேக்கணும்.

அந்த நேரம் பாத்து குடும்ப நாள் வந்துச்சு. இங்க செவ்வாக்கெழம லீவு. வருஷத்துல ஒரு செவ்வாக்கெழம மட்டும் வேலைக்காரங்க வீட்டு ஆளுங்களக் கூட்டியாரலாம். அவனவன் ரூம்ல அவனவன் நின்னு, தன் படத்தப் பத்தி ரெண்டு வார்த்த பேசலாம். பெரியவங்க எல்லாரும் கைதட்டுவாங்க. இத்தன வருஷத்துல பிலோமின் ஒரு தடவ கூட வந்ததில்ல. கால் வலி, கோயிலு, ஞானஸ்நானம், ஏதாவது சொல்லுவா. அந்த வருஷம் தானா "வர்றேன்"னா. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? மொதநாளே சட்டைய இஸ்திரி போட்டு மாட்டிட்டேன். பேசுறதக் கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பாத்துக்கிட்டேன்.

வந்தா. அந்த மாம்பழக் கலர் பட்டு கட்டிக்கிட்டு வந்தா. நான் பேசுறேன், நல்லாத்தான் பேசுறேன், கோட்டப் பத்திச் சொல்றேன், வெளிச்சம் எடது பக்கத்துலேருந்து எப்படி வருதுன்னு சொல்றேன், அந்த மூணு வளைவுக்குள்ள ஆளுங்கள எப்படிப் பிரிச்சு நிறுத்தியிருக்கான்னு சொல்றேன். இவ என்னப் பாக்கல. நடுப்படத்தையும் பாக்கல. அந்த வலது மூலையப் பாருங்க, இருக்கிறாங்களே பொம்பளைங்க, ரெண்டு பேரு ஒருத்தி மேல ஒருத்தி சாஞ்சு, பின்னால இருட்டுல ஒருத்தி ரெண்டு பிள்ளைங்களக் கட்டிப் புடிச்சுக்கிட்டு. அந்த மூலையையே பாத்துக்கிட்டு நிக்கிறா. "இவங்க யாருங்க?"ன்னா, நான் பேசிட்டு இருக்கும்போதே. எல்லாரும் இருக்கிறாங்க. "வீட்டுப் பொம்பளைங்க, அழுவுறாங்க, அங்க ஒண்ணும் இல்ல, நடுவுல பாரு"ன்னேன். தப்பா? படத்துல முக்கியமானது எதுன்னு காட்ட வேணாமா? அவ நடுவுல பாக்கவே இல்ல. மெதுவா நடந்து பக்கத்து ரூமுக்குப் போயிட்டா. நான் பேசி முடிக்கல தம்பி. பாதியில போயிட்டா.

அங்க குகதாசன். அவனுக்குப் பேசத் தெரியாது. பிரெஞ்சு அர குற. கப்பல் கவுந்து, கட்டுமரம் மாதிரி ஒண்ணுல மிதக்கிறாங்களே, அந்தப் பெரிய படத்து முன்னாடி நின்னுக்கிட்டு இருந்தான். எல்லாரும் அந்தப் படத்துல மேலதான் பாப்பாங்க. உச்சியில ஒருத்தன் துணிய வீசுவான், தூரத்துல கப்பல் வருதுன்னு. இவன் கீழ காட்டுறான். கீழ ஒரு கெழவன் ஒக்காந்திருக்கான். மடியில செத்துப்போன பையன் கெடக்கிறான். கப்பல் வந்தாலும் வராட்டியும் அந்தக் கெழவனுக்கு ஒண்ணும் இல்ல, திரும்பியே பாக்க மாட்டான். "அக்கா, எங்கட அப்பாவும் தம்பிய இப்பிடித்தான் வச்சுக்கொண்டு இருந்தவர்"னான். அவ்ளோதான் சொன்னான். வேற ஒரு வார்த்த இல்ல. கோடு, கலரு, வெளிச்சம், ஒண்ணும் சொல்லல.

பிலோமின் ஒக்காந்துட்டா. தரையில. பட்டுப் புடவையோட தரையில ஒக்காந்து அழுதா. சத்தம் போட்டு. டைரக்டரு இருக்கிறாரு, மதாமுங்க இருக்கிறாங்க, எல்லாரும் பாக்கிறாங்க. நான் வாசல்ல நிக்கிறேன், இந்த வாசல்லதான். உள்ள போவ முடியல. அவன் பக்கத்துல குத்துக்கால் போட்டு ஒக்காந்து, தண்ணி பாட்டில் தெறந்து குடுக்கிறான். என் பொண்டாட்டிக்கு. எனக்குக் கல்யாணம் ஆன நாள்லேருந்து என் எதிர்ல அவ அப்படி அழுததே கெடையாது. எங்க மாமியா செத்தப்பக் கூட சமையக்கட்டுக்குள்ள போய்த்தான் அழுதா. இவன் ஒரு படத்தக் காட்டி அழ வச்சுட்டான். எனக்குக் காது ரெண்டும் சுட்டுது. சத்தியமா சொல்றேன், அன்னைக்கு அவன் கழுத்துல டைய நானே மறுபடியும் இறுக்கி விட்டிருப்பேன்.

அந்தக் கெழவன் முதுகப் பாத்திருக்கீங்களா நீங்க? பாருங்க போனா. வளைஞ்சு போய் ஒக்காந்திருப்பான், மூட்ட மாதிரி. இங்க என் படத்துல அப்பன் எப்படி நிக்கிறான்! ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, எவன் அப்பன்னு கேட்டா எவனும் இவனத்தான் சொல்லுவான். சொல்ல மாட்டானா? என்ன தம்பி, தலைய ஆட்டவே மாட்டேங்கிறீங்க.

அதுக்கப்புறம் வீட்ல எப்பப் பாத்தாலும் அவன் பேச்சு. குகதாசன் தம்பி சொன்னாரு, குகதாசன் தம்பி வீட்ல அப்படி. அவருன்னு மரியாத வேற. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு நேரா வீட்டுக்கு வர்றவ, அவன் வீட்டுக்குப் போயிட்டு வர ஆரம்பிச்சா. ஏதோ இடியப்பமும் சொதியும் குடுத்து அனுப்புவான். நான் தொட மாட்டேன். எமில் சாப்பிடுவான். "நல்லா இருக்குப்பா"ம்பான். எனக்கு அதுவும் எரிஞ்சுது, வாய விட்டுச் சொல்றேன். நான் பண்ற மீன் குழம்ப அவன் ஒரு நாளும் நல்லா இருக்குன்னு சொன்னதில்ல, ரெண்டாந்தரம் கேட்டு மட்டும் வாங்குவான்.

இப்ப ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. நான் கல்லு இல்ல. ஒரு நாளு காலையில குளிக்கிற ரூம்ல தண்ணி ஓடுது, ஓடுது, நிக்கவே இல்ல. தட்டினேன். தெறந்து பாத்தா எமில் சட்டையோட கீழ ஒக்காந்திருக்கான். தண்ணி தலையில கொட்டுது. "ஒண்ணும் இல்லப்பா"ன்னான். நான் தண்ணிய நிறுத்திட்டு, துண்டு எடுத்துக் குடுத்துட்டு வந்துட்டேன். ரயில்ல வரும்போது முடிவு பண்ணிட்டேன். வேணாம்னு சொல்லிடணும். பட்டாளம் போதும், நீ வீட்லயே இருடா, ரொட்டிக்கடை வைக்கணும்னு சின்ன வயசுல சொன்னியே, வையின்னு சொல்லிடணும். வார்த்த எல்லாம் தயாரா வச்சிருந்தேன். அவன் கேக்கணும், நான் சொல்லணும். அவ்ளோதான் பாக்கி.

அன்னைக்கு சாயங்காலமே அவ சொல்றா, "குகதாசன் தம்பிகிட்ட எமில அனுப்பியிருக்கேன், அவரு பேசினா கேப்பான்"னு. எப்படி இருக்கும்? அவரு பேசினா கேப்பானாம். பெத்தவன் இங்க குத்துக்கல்லு மாதிரி ஒக்காந்திருக்கேன். எமில் திரும்பி வந்தான், மூஞ்சி தெளிஞ்சிருந்துச்சு. அழுதுட்டு வந்த மூஞ்சி. அத எங்கிட்ட காட்டல பாத்தீங்களா, அங்க போய்க் காட்டியிருக்கான். "குகதாசன் அங்கிள் போவ வேணாம்னு சொல்றாரும்மா"ன்னு அவகிட்ட சொன்னான், என் காதுல விழுற மாதிரி. என் மனசுல இருந்த வார்த்தைய எடுத்து குகதாசன் எனக்கு முன்னாடியே சொல்லிட்டான் தம்பி. நான் சொல்ல வச்சிருந்தது. என்னுது அது.

மாசக் கடைசி வந்துச்சு. மத்தியானம், இதே மாதிரி நேரம். எமில் டிக்கெட் எடுத்துக்கிட்டு, வரிசையில நின்னு, சாதாரண ஆளு மாதிரி என் ரூமுக்குள்ள வந்தான். நான் நேரா நின்னேன். அவனும் நேரா நின்னான். "அப்பா, நாலு மணிக்குள்ள சொல்லணும். நீங்க சொல்லுங்க"ன்னான். கேட்டுட்டான்! கேட்டுட்டான் தம்பி. அவன்கிட்ட போய் அழுதிருந்தாலும் கடைசியா எங்கிட்டதான வந்தான்? அவன் சட்ட காலரு மடிஞ்சிருந்துச்சு, அத எடுத்து விடப் போனேன். வேணாம்டான்னு சொல்ல வாயத் தெறந்துட்டேன்.

அப்ப வாசல்ல நிழல் விழுந்துச்சு. பாத்தா, குகதாசன். அவன் ரூம்ல இருக்க வேண்டியவன், சரியா அந்த வாசல்ல, ரெண்டு ரூமுக்கும் நடுவுல வந்து நிக்கிறான். எங்களப் பாத்துக்கிட்டு. கையப் பின்னால கட்டிக்கிட்டு. என்ன அர்த்தம் அதுக்கு? நான் என்ன சொல்றேன்னு பாக்க வந்திருக்கான். அவன் சொன்னதையே நான் சொல்றேனான்னு பாக்க வந்திருக்கான். சொன்னா என்ன ஆவும்? ராத்திரி வீட்ல "பாத்தீங்களா, குகதாசன் தம்பி சொன்னதுதான் நடந்துச்சு"ம்பா. காலம் பூரா பிலோமின் வாயில அவந்தான் என் பிள்ளையக் காப்பாத்தினவன். நான் யாரு? அவன் சொன்னதுக்குத் தலையாட்டினவன். என் ரூம்ல, என் படத்து முன்னாடி, என் பையன்கிட்ட, அவன் வார்த்தைய நான் சொல்றதா?

"கையெழுத்துப் போடு"ன்னேன்.

எமில் மடிஞ்ச காலரத் தானே எடுத்து விட்டுக்கிட்டான். "சரிப்பா"ன்னான். திரும்பினான், நேரா நடந்து போனான். முதுகு வளையல. அத மட்டும் சொல்லுவேன், முதுகு வளையல.

குகதாசன் கிட்ட வந்தான். கண்ணு ரெண்டும் கலங்கியிருக்கு. "என்ன அண்ணை இப்பிடிச் சொல்லிப்போட்டியள்"னான். நான் கேட்டேன், "நீ எதுக்குடா வாசல்ல வந்து நின்ன?" அவன் சொல்றான், "நீங்கள் பிள்ளையோட கதைக்கிறியள், உங்கட ரூம ஆர் பாக்கிறது? அதான் ரெண்டு ரூமையும் பாத்துக்கொண்டு நிண்டனான்." இங்க அது வழக்கந்தான். ஒருத்தன் யார்கூடவாவது நின்னு பேசினா, ஒண்ணுக்குப் போனா, பக்கத்து ரூம்காரன் வாசல்ல நின்னு ரெண்டையும் பாத்துக்கணும். நான்தான் அவனுக்குச் சொல்லிக் குடுத்தது. ஆனா நம்புறீங்களா நீங்க? அன்னைக்குப் பாத்து, அந்த நிமிஷம் பாத்து, வழக்கமாம்! அவன் மட்டும் வாசல்ல வந்து நிக்காம இருந்திருந்தா என் பையன் இன்னைக்கு வீட்ல ரொட்டி சுட்டுட்டு இருப்பான். அவன் ரெண்டு அடி அந்தப் பக்கம் நின்னிருக்கலாம். நல்லவன் மாதிரி வந்து நின்னு எல்லாத்தையும் கெடுத்துட்டான். இத யார்கிட்ட சொன்னாலும் என்னையே பாக்கிறாங்க. நீங்களும் பாக்கிறீங்க.

பிலோமின் அன்னைக்கு ராத்திரி சாப்பாடு போட்டா. மறுநாள் பொட்டி எடுத்துக்கிட்டு தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. சண்ட போட்டிருந்தா நானும் ரெண்டு வார்த்த பேசியிருப்பேன். எமில் கெளம்பும்போது ஏர்போர்ட்டுக்கு நான் போனேன், அவ போனா, குகதாசனும் வந்திருந்தான். எமில் அவங்கம்மாவக் கட்டிப் புடிச்சான், குகதாசனக் கட்டிப் புடிச்சான். எனக்கு சல்யூட் அடிச்சான். நானும் திருப்பி அடிச்சேன். எங்கப்பா எனக்குச் சொல்லிக் குடுத்த சல்யூட்டு, நல்லாத்தான் இருந்துச்சு. அடிச்சுட்டு கைய எங்க வைக்கிறதுன்னு தெரியல.

எமில் எனக்கு போன் பண்றதில்ல. கோவம் இல்ல, அவன் அப்படி இல்ல. என்கிட்ட என்ன பேசுறதுன்னு தெரியாது அவனுக்கு, சின்ன வயசுலேருந்தே. அவங்கம்மாவுக்குப் பண்ணுவான். நான் கூப்பிட்டா அவ எடுக்க மாட்டா. அவ குகதாசனுக்குச் சொல்லுவா. குகதாசன் தெனமும் காலையில கதவு தெறக்கிறதுக்கு முன்னாடி, என் ரூம் வழியா அவன் ரூமுக்குப் போற போக்குல, நிக்காம, என் மூஞ்சியப் பாக்காம, "எமில் சுகமாம், அண்ணை"ன்னுட்டுப் போவான். நான் "தெரியும்"னுவேன். எனக்கு எப்படித் தெரியும்? அவன் சொன்னாத்தான் தெரியும். அவனுக்கும் அது தெரியும். இருந்தாலும் தெரியும்னுதான் சொல்லுவேன்.

இன்னைக்கு அவன் வரல.

காலையில இந்த வழியா வரவே இல்ல. கதவு தெறந்தாச்சு, ஜனம் வந்தாச்சு, நான் ஒவ்வொரு தலையாப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். அந்தப் பக்கத்துப் படி வழியா போயிருக்கலாம். லீவா இருக்கலாம். அங்க வேற யாரையாவது நிறுத்தியிருக்கலாம். நான் ரூம விட்டுப் போவ முடியாது, அந்த வாசல்ல வந்து நிக்க ஆளு வேணும், அவன்தான் அது. அவன் நம்பரு என்கிட்ட இருக்குது. இருந்து? நானா கூப்பிட்டு அவன்கிட்ட கேப்பேன்?

காலையில ஷேவ் பண்ணும்போது ரேடியோவுல ஏதோ சொன்னான். அந்தப் பாலைவனத்துல எங்கயோ ரோட்ல, பட்டாளத்து வண்டி ஒண்ணு. பேரு சொல்லல, சொல்ல மாட்டாங்க, மொதல்ல வீட்டுக்குத்தான் வந்து சொல்லுவாங்க. வீட்டுக்குன்னா, பிலோமின் இருக்கிற வீட்டுக்குப் போவாங்களா, என் வீட்டுக்கு வருவாங்களா, எந்த அட்ரஸ் குடுத்திருக்கான்னு எனக்குத் தெரியாது. நான் விடிஞ்சதும் கெளம்பிட்டேன். ஒண்ணும் இருக்காது. எத்தனையோ வண்டி ஓடுது அங்க.

தம்பி, கால் இப்ப பரவாயில்லையா? உங்க ஆளுங்க அந்த ரூம்லதான் நிக்கிறாங்க. போங்க, போய்ப் பாருங்க, நல்ல படம்தான் எல்லாம், நான் ஏதோ சொல்றேன். உள்ள போனதும் வலது பக்கம், கப்பல் கவுந்த படத்துக்கிட்ட, உயரமா, கண்ணாடி போட்டுக்கிட்டு, நரச்ச மீசையோட ஒருத்தன் நிக்கிறானான்னு பாருங்க. இருந்தான்னா, அவன் மூஞ்சி எப்படி இருக்குதுன்னு பாருங்க. எமில் சுகமான்னு கேளுங்க. தமிழ்லயே கேக்கலாம். கேட்டுட்டு இந்த வாசலுக்கு வந்து தலைய மட்டும் ஆட்டுங்க, போதும், உள்ள கூட வர வேணாம். ஜனத்துக்கு மேல எட்டிப் பாத்து நான் புரிஞ்சுக்குவேன்.

நான் கேக்கச் சொன்னேன்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிடாதீங்க.